மீன் தொட்டி ஸ்டாண்ட்: அறிகுறியை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்பது

மீன் தொட்டியின் ஸ்டாண்ட் ஒரே நாளில் உடைந்து விழுவது அபூர்வம். பல வாரங்களுக்கு முன்பே அது சொல்லிவிடும். கதவு உரசும், தண்ணீர்க்கோடு சாயும், அடிப்பலகையின் விளிம்பு தடிக்கும். நம் கண் மீனிடம் இருப்பதால் கீழே நடப்பதைக் கவனிப்பதில்லை. கடைசியில் கண்ணாடி விரிசல் விட்டதும் தொட்டி செய்தவரைக் குறை சொல்கிறோம். நான் பார்த்த வரையில் அடிக்கண்ணாடி உடைந்த தொட்டிகளில் பலவற்றில் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாங்கியதுதான் சரியில்லை.

எடையை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள நாலடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 5 செ.மீ. விட்டு நிரப்பினால் தண்ணீர் மட்டும் சுமார் 210 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. இந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் ஆகும், அது 50 கிலோ. 5 செ.மீ. உயரத்துக்கு மணல் போட்டால் இன்னும் 40 கிலோ. மணல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் கொஞ்சம் குறையும், ஆனால் கல், மூடி, விளக்கு எல்லாம் சேர்ந்து அதை ஈடுகட்டிவிடும். ஆக 300 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறி நின்று, ஆண்டுக்கணக்கில் இறங்காமல் இருப்பதற்குச் சமம். இந்த 'இறங்காமல்' என்பதுதான் முக்கியம். ஒரு நாள் சுமையை அலட்டாமல் தாங்கும் பலகைகூட, நிரந்தரச் சுமையில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், பயம் வந்தால் முதல் வேலை ஒன்றே: தண்ணீரை இறக்குங்கள். முட்டுக் கொடுப்பது, ஆப்பு அடிப்பது எல்லாம் பிறகு. பாதித் தண்ணீரை இறக்கினாலே நூறு கிலோ குறைகிறது. மீன்களை அதே தண்ணீரோடு வாளியில் விட்டு, காற்றுக்கல் போட்டுவிடுங்கள். ஃபில்டரின் பஞ்சையும் கல்லையும் தொட்டித் தண்ணீரிலேயே முக்கி வையுங்கள், காயவிடக் கூடாது. தொட்டியைத் தூக்க வேண்டியிருந்தால் முழுவதும் காலி செய்த பிறகுதான் தூக்க வேண்டும்.

கதவு உரசுகிறது, அல்லது சரியாக மூடவில்லை

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டாண்டில் வரும் மூன்று பெரிய குறைகளான தொய்வு, சாய்வு, ஊறல் ஆகிய மூன்றும் கதவில்தான் முதலில் தெரியும். சட்டத்துக்கு உள்ளே அமையும் இரட்டைக் கதவாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கதவு எங்கே உரசுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு கதவுகளும் சந்திக்கும் நடுப்பகுதியில், மேல் விளிம்பு மட்டும் உரசினால் மேல்சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது. கீல் பக்கத்து மூலைகளில் இடைவெளி பழையபடியே இருக்கும், நடுவில்தான் குறைந்திருக்கும்.

நடுவில் ஒரு கதவு தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் படிபோல நின்றால், ஸ்டாண்ட் முழுவதும் பக்கவாட்டில் சாய்கிறது. பக்கப் பலகைகள் சாயும்போது கதவுகளும் அவற்றோடு சேர்ந்து திரும்புவதால் இப்படி ஆகிறது. இடது கதவு தாழ்ந்திருந்தால் ஸ்டாண்ட் வலப்பக்கம் சாய்கிறது, வலது கதவு தாழ்ந்திருந்தால் இடப்பக்கம். ஆனால் முதலில் கீலின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் தாழ்ந்து மற்றது இருந்த இடத்திலேயே இருந்தால் அது வெறும் கீல் தளர்ச்சிதான், நிம்மதியாக இருக்கலாம்.

கீழ் விளிம்பு உரசி, விரலால் தடவும்போது சொரசொரப்பாகவோ தடிப்பாகவோ இருந்தால் பலகை ஈரத்தில் ஊறியிருக்கிறது.

சந்தேகம் தீரவில்லையா? அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது ஒரு சோதனை செய்யலாம். தண்ணீரை இறக்கும் முன் கதவுக்கு மேலே உள்ள இடைவெளியை நடுவிலும் ஓரங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீர் இறங்கியதும் மறுபடி அளங்கள். நடு இடைவெளி கூடினால் அது சுமையால் வந்த தொய்வு. அளவு மாறவே இல்லையென்றால் பெரும்பாலும் ஊறல். நாள்பட்ட தொய்வில் மரம் வளைந்தபடியே நின்றுவிடும், அதனால் முழுவதும் திரும்பி வராது. கொஞ்சம் நகர்ந்தாலே போதும், காரணம் புரிந்துவிடும்.

மேல்சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். காலி ஸ்டாண்டில் இல்லாத தொய்வு தண்ணீர் நிரம்பியதும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால், சட்டம் போதவில்லை.

சட்டத்தின் நீளம் இரட்டிப்பானால், அதே மாதிரிப் பரவிய சுமையில் தொய்வு பதினாறு மடங்காகும். சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். அதனால்தான் சட்டத்தைப் படுக்கப் போடக் கூடாது, நிறுத்திப் போட வேண்டும் என்று தச்சர்கள் வற்புறுத்துகிறார்கள். 38 மி.மீ.க்கு 89 மி.மீ. உள்ள ஒரு கட்டையை நிறுத்திப் போட்டால், படுக்கப் போட்டதைவிட ஐந்தரை மடங்கு விறைப்பாக நிற்கும். மரம் அதேதான், வைக்கும் விதம்தான் வேறு.

சரிசெய்வதற்கு நல்ல வழி நடுவில் கால் கொடுப்பது. முன்சட்டத்துக்கு ஒன்று, பின்சட்டத்துக்கு ஒன்று. நீளம் பாதியாகிவிடுவதால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கதவு வைத்த ஸ்டாண்டாக இருந்தால், நடுவில் முன்னிருந்து பின்வரை 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தடுப்பு வைத்தாலும் போதும். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அந்தக் காலின் அடி தரைவரை போக வேண்டும். அடிப்பலகைமேல் நின்றால், அடுத்து அந்தப் பலகைதான் தொய்யும். இரண்டாவது, தொட்டி நிறைந்திருக்கும்போது ஜாக்கி வைத்து நடுவை உயர்த்தாதீர்கள். வளைந்த சட்டத்தோடு இத்தனை நாள் ஒத்துப்போய் அமர்ந்திருக்கும் கண்ணாடியை நடுவில் மட்டும் கீழிருந்து தள்ளுவது போலாகும். காலி செய்து, சட்டத்தை நேராக்கி, அளவாக வெட்டிய காலைப் பொருத்தி, பிறகு நிரப்புங்கள்.

தோளால் லேசாகத் தள்ளினால் ஆடுகிறது

நான்கு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். பார்க்கப் பலமாகத்தான் இருக்கும். ஆனால் செவ்வகம் தள்ளினால் சரியும், முக்கோணம் சரியாது. பக்கவாட்டில் தள்ளினால் ஆடுகிறதா, முன்னும் பின்னுமாக ஆடுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பின்புறம் முழுவதும் ஒரு 6 மி.மீ. பிளைவுட்டை மரப்பசையும் திருகும் போட்டுப் பொருத்தினால் போதும். அந்த மெல்லிய பலகை செய்யும் வேலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். குழாய்க்காக ஓட்டை போட வேண்டுமென்றால் நடுப்பகுதியில் போடுங்கள், மூலைகளை வெட்டாதீர்கள். முன்பின் ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் அதேபோலப் பலகை அல்லது மூலைக்கு மூலை குறுக்குக்கட்டை. இரும்பு ஸ்டாண்டில் மூலைவிட்டமாக ஒரு பட்டையை வெல்டிங் செய்தால் அதே பலன்.

ஆடும் ஸ்டாண்டைப் பிரிக்க நேர்ந்தால் சேர்ப்புகளைப் பாருங்கள். மேல்சட்டம் காலின் பக்கத்தில் திருகால் தொங்குகிறதா, காலின் தலைமேல் அமர்ந்திருக்கிறதா? தலைமேல்தான் அமர வேண்டும். எடை மரத்திலிருந்து மரத்துக்கு, அங்கிருந்து தரைக்கு நேராக இறங்க வேண்டும். திருகின் வேலை மரங்களைப் பிடித்து வைப்பது மட்டும்தான். 300 கிலோவை அதன் கழுத்தில் தொங்கவிடக் கூடாது. தொங்கினால், ஒவ்வொரு காலின் உட்பக்கத்திலும் தரையிலிருந்து சட்டத்தின் அடிவரை இன்னொரு கட்டையை வைத்துத் திருகிவிடலாம். பழைய ஸ்டாண்டைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஸ்டாண்ட் உயரமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால், குறிப்பாகக் குழந்தைகள் ஏறக்கூடிய இடமென்றால், சுவரோடு ஒரு கோணப்பட்டையால் பிணைத்துவிடுங்கள்.

தண்ணீர்க்கோடு சாய்ந்திருக்கிறது

இரண்டு முனைகளிலும் தண்ணீர் மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நாலடித் தொட்டியில் 2, 3 மி.மீ. வித்தியாசம் என்றால் நான் கண்காணிப்பதோடு விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனாலோ, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தாலோ காலி செய்து சரிசெய்ய வேண்டும். நிலையாக நிற்கும் சாய்வைவிட வளர்ந்துகொண்டிருக்கும் சாய்வு ஆபத்தானது. அதனால் ஒரு டேப் துண்டை ஒட்டி, தேதி எழுதிக் குறித்து வையுங்கள்.

ஆப்பு வைப்பது ஸ்டாண்டின் காலுக்கும் தரைக்கும் நடுவில்தான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். அங்கே அட்டையோ மரத்துண்டோ செருகினால் மொத்தச் சுமையும் அந்தத் துண்டின்மேல் குவிந்து கண்ணாடியைப் பிளக்கும். ஆப்பும் ஊறாத பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

ஒரு மூலையில் தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் காகிதம் நுழைகிறது

சாய்வைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இது முறுக்கு. மூன்று மூலைகள் ஒரே தளத்தில் இருக்க, நான்காவது மட்டும் இறங்கியோ ஏறியோ இருக்கிறது. கண்ணாடி வளைந்து கொடுக்காது. என்னுடைய மூன்றடித் தொட்டி ஒன்று இப்படித்தான் போனது. பின்மூலையில் காகிதம் நுழைவதைப் பார்த்தும், தண்ணீர் நிரம்பினால் எடையில் அமர்ந்துவிடும் என்று நம்பினேன். அமரத்தான் செய்தது. பதினோராம் நாள் அடிக்கண்ணாடி மூலைக்கு மூலை பிளந்தது. இரண்டு மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் காகிதத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

சோதிக்க நூல் போதும். காலி ஸ்டாண்டின் மேல் மூலைகளில், எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு நூல்களை ஒரே உயரத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தி வளைத்தாலோ முறுக்கு இருக்கிறது. முதலில் காலுக்கடியில் ஆப்பு வைத்துப் பாருங்கள். பல நேரம் தரையின் மேடுபள்ளம்தான் ஸ்டாண்டை முறுக்கியிருக்கும். அப்படியும் போகவில்லையென்றால் குறை சட்டத்திலேயே இருக்கிறது. மரமென்றால் உயர்ந்த பக்கத்தை இழைக்கலாம். வெல்டிங் செய்த இரும்பென்றால், சூட்டில் இழுத்து முறுக்கியிருக்கும். அதைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து நேராக்கச் சொல்லுங்கள். புதிதாகச் செய்யச் சொல்லும்போது, எல்லா மூலைகளையும் முதலில் புள்ளி வைத்துப் பிடித்து, மூலைவிட்டம் அளந்து, பிறகு மாற்றி மாற்றிப் பற்றவைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தெர்மாகோல் விரித்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். மணல் துகள், திருகுத் தலை, சின்னப் பிசிறு ஆகியவற்றை அது விழுங்கிக்கொள்ளும். முறுக்கை அது தீர்க்காது. இன்னொன்று: அடிக்கண்ணாடி நேராகப் பலகைமேல் அமரும் தொட்டிக்குத்தான் தெர்மாகோல் அல்லது ரப்பர் ஃபோம் விரிப்பு வேண்டும், பலகையும் முழுப்பலகையாக இருக்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு வரும் தொட்டியில் கண்ணாடி பலகையைத் தொடாமல் சற்று உயர்ந்தே இருக்கும். அதற்கு விரிப்பு வேண்டாம். போட்டால் அது கண்ணாடியைக் கீழிருந்து தள்ளும்.

அடிப்பலகை ஊதுகிறது, மூலை கருக்கிறது, பூஞ்சை வாடை வருகிறது

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை அணைத்து, எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு குழாய் இணைப்பின் அடியிலும் ஒரு டிஷ்யூவும் தரையில் செய்தித்தாளும் விரித்து, மறுபடி மின்சாரத்தைப் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். எது நனைகிறதோ அதுதான் வழி. எல்லாமே காய்ந்திருந்தால், ஃபில்டரையும் காற்றுப் பம்பையும் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பம்பு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நிற்கும்போது தண்ணீர் காற்றுக்குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து கேபினெட்டுக்குள் ஒழுகும். மின்வெட்டில் மட்டும் வரும் இந்த ஒழுக்கைப் பலர் மாதக்கணக்கில் தேடுவார்கள். குழாயில் ஒரு திரும்பாத வால்வு போட்டால் தீர்ந்தது. பிறகு வயர்கள்: தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே பிளக்குக்குள் போகாதபடி, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். பிளக் பலகையைத் தரையில் போடாமல் பக்கச்சுவரில் உயரத்தில் மாட்டுங்கள்.

கேபினெட்டுக்குள் சம்ப் (தண்ணீரை வடிகட்டக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி) வைத்திருந்தால் ஒழுக்கே இல்லாமலும் ஊறும். ஆவி வெளியேற வழியில்லாமல் பலகையில் வேர்த்து நிற்கும். பின்பலகையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்றுத் துளைகள் விடுங்கள்.

ஊதியது பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் போல மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் அது திரும்பாது. காய்ந்த பிறகு கெட்டியாகத் தெரிந்தாலும் பலம் போய்விட்டது. சுமை தாங்கும் இடத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பிளைவுட் என்றால், அடுக்குகள் பிரியாத வரை காயவைத்துக் காப்பாற்றலாம். மரைன் பிளைவுட் என்றதும் கவலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதில் தண்ணீருக்கு அசையாதது பசைதான். மரம் மரம்தான், வெட்டிய விளிம்பில் தண்ணீரைக் குடிக்கவே செய்யும்.

அதனால் பூச்சு விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். பலகை நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு, தின்னர் கலந்து இளக்கிய பாலியூரித்தேன் வார்னிஷை வெட்டுமுகங்களில் அது குடிக்கும் மட்டும் கொடுங்கள். அப்புறம் இளக்காத பூச்சு ஆறு பக்கமும் மூன்று கை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு, தரை துடைக்கும் ஈரம் அங்கேதான் ஏறுகிறது. ஒவ்வொரு கைக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாள். திருகுத் துளைகளுக்குள்ளும் பூச்சு போக வேண்டும். திருகை வார்னிஷில் தோய்த்து ஏற்றினால் போதும். எல்லாம் முடிந்த பிறகு, உட்பக்க அடிமூலைகள் முழுவதும் சிலிக்கான் இழுங்கள். முன்பே இழுத்தால் அதன்மேல் பூச்சு ஒட்டாது. கதவுப் பக்கத்தில் அரை அங்குல உயரத்துக்கு ஒரு கட்டையும் வைத்துச் சிலிக்கான் போட்டால் கேபினெட்டின் அடியே ஒரு தட்டாகிவிடும், சின்ன ஒழுக்கு தரைக்குப் போகாது. ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றி இரவு முழுக்க விட்டுச் சோதியுங்கள்.

மைக்கா ஒட்டிய ஸ்டாண்டில் முகம் பளபளவென்று இருக்க, விளிம்பு வழியாகப் போன ஈரம் வெளியேற முடியாமல் உள்ளே அழுகும். விளிம்புப் பட்டை எங்கே தூக்கியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பூச்சின் வாடை முழுவதும் போகும்வரை, ஒரு வாரமாவது, தொட்டியை ஏற்றாதீர்கள். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றுப் பம்பு அந்தக் காற்றைத்தான் உறிஞ்சி மீனுக்குக் கொடுக்கும்.

இரும்புக் கால் துருப்பிடிக்கிறது

பெரும்பாலும் காலின் அடியிலும் வெல்டிங் மூட்டுகளிலும் தொடங்கும். கம்பித் தூரிகையால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர், பிறகு எப்பாக்சி பெயிண்ட். துருமேல் பெயிண்ட் அடித்தால் துரு உள்ளேயே வளரும். குழாயின் திறந்த முனைகளை மூடியால் அடைத்துவிடுங்கள், உட்பக்கத் துரு வெளியே தெரியும்போது சுவர் மெலிந்து போயிருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், நல்ல இடத்தில் கணீரென்றும் மெலிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். காடி வாடை வரும் சிலிக்கானை இரும்பின்மேல் போடாதீர்கள், அதன் அமிலம் அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். கடல்நீர்த் தொட்டியென்றால் வெள்ளையாகப் பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும்.

காலுக்கடியில் டைல் விரிகிறது

300 கிலோவை நான்கு கால்கள் பிரித்துக்கொண்டால் ஒரு காலுக்கு 75 கிலோ. ஓர் அங்குலச் சதுரக் குழாய் என்றால் அது ஆறு சதுர செ.மீ. சொச்ச இடத்தில் இறங்குகிறது, சதுர செ.மீ.க்கு 12 கிலோ அளவில். அதே காலின் அடியில் 10 செ.மீ. சதுரத் தகடு வைத்தால் முக்கால் கிலோவாகிவிடும். டைலை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். அடியில் பூச்சில்லாத டைல் வெற்றாக ஒலிக்கும். அந்த இடத்தில் கால் வராமல் தள்ளி வையுங்கள். மரத்தரை என்றால் சுவரோரமாக, தரையைத் தாங்கும் உத்தரங்களுக்குக் குறுக்காக வைத்தால் சுமை பல உத்தரங்களில் பிரியும்.

திருத்தி மாளாது, புதிதாகச் செய்யப்போகிறேன் என்றால்

மூன்றடிவரை 18 மி.மீ. பிளைவுட் பெட்டியும் முழுப் பின்பலகையும் எனக்குப் பிடித்தது. நாலடிக்கு அதோடு நடுத்தடுப்பு, அல்லது ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 2 மி.மீ. கனம். அடுக்கிய கான்கிரீட் கற்கள் எடையை அலட்சியமாகத் தாங்கும், ஆனால் மேல்தளம் மட்டமாக அமைவது கடினம், தள்ளினால் பிடிப்பும் இல்லை. டிவி மேசை, புத்தக அலமாரி போன்றவை ஒன்றரை அடித் தொட்டிக்கு மேல் வேண்டாம். மேற்பலகை தொட்டியைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது, சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் நல்லது.

செய்து முடித்து, பூச்சு காய்ந்து, நூலும் ரசமட்டமும் வைத்துப் பார்த்த பிறகு தொட்டியை ஏற்றி வெறும் தண்ணீரைக் கால் பங்கு நிரப்புங்கள். நான்கு மூலைகளிலும் காகிதம், முனைகளில் அளவுகோல், கதவிடுக்கு. சரியாக இருந்தால் பாதி. மறுபடி பாருங்கள். முழுவதும் நிரப்பி ஒரு நாள் விட்டு, இன்னொரு முறை அளந்து, எண்கள் நகரவில்லையென்றால் தண்ணீரை இறக்கி மணலைப் போடலாம்.